மாத்திரையா, இன்ஹேலரா, இன்ஹேலர் என்றால் எது?

எங்கள் குடும்பத்தில் நான்கு பேருக்கு ஒரே நோய் நான்கு பெயர்களில் இருந்தது. அம்மாவுக்கு அது இளைப்பு. சித்தி மகனுக்கு வீசிங். பெரியப்பாவின் பேத்திக்கு ஈசினோபீலியா. என் தங்கை மகனுக்கு முதலில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சொல்லப்பட்டு, அது காசநோய் அல்ல என்று தெளிவாவதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. நால்வருக்கும் இருந்தது ஆஸ்துமாதான். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதற்கே வீட்டில் தயக்கம் இருந்ததால், அதற்குரிய மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தயக்கம் இருந்தது. அம்மா தன் இன்ஹேலரை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார். விருந்தினர் இருக்கும்போது மூச்சு வாங்கினால் அடுப்படிக்குள் போய் எடுத்துவிட்டு வருவார். மாத்திரையை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்கொள்வார்.

ஆஸ்துமா என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு ஒரு குடும்பத்தின் முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் எதைத் தருகின்றன, எதைக் கேட்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவர் அல்லன். நோயாளியின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களுக்குள் இரண்டு கோளாறுகள் ஒருசேர நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளியைச் சுரக்கிறது. தசை இறுகும்போதுதான் நமக்கு இழுப்பு தெரிகிறது. வீக்கமோ, இழுப்பு இல்லாத நாள்களிலும், நன்றாக இருக்கிறேன் என்று நாம் சொல்லிக்கொண்டு திரியும் வாரங்களிலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கக்கூடும். தசையைத் தளர்த்தும் மருந்துகள் ஒரு வகை, வீக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் இன்னொரு வகை. கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீடும் இந்த வேறுபாட்டில்தான் போய் நிற்கும்.

முதல் கேள்வி, நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கேட்கப்படுவது: மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா?

மாத்திரையின் பக்கம் உள்ள நியாயங்கள் உண்மையானவை. அதைப் போட்டுக்கொள்ளப் பயிற்சி வேண்டாம், கூச்சம் இல்லை, குழந்தைக்கு சிரப்பாகக் கொடுத்துவிடலாம். இனி அளவைப் பார்ப்போம். தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மாத்திரை 2 மில்லிகிராம் அல்லது 4 மில்லிகிராம் அளவில் வருகிறது. அதே சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு, அதாவது ஒருமுறை அழுத்தினால், வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து 40 பஃப்புக்குச் சமம். மாத்திரை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றி, அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே நுரையீரலுக்கு வந்து சேர வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு தேவைப்படுகிறது. மீதி மருந்து இதயத்தைப் படபடக்கவும் கைவிரல்களை நடுங்கவும் வைக்கிறது. அம்மா காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கியதை வயதின் தளர்ச்சி என்று நாங்கள் பல ஆண்டுகள் நினைத்திருந்தோம். இத்தனைக்குப் பிறகும் மாத்திரை வேலைசெய்யத் தொடங்க அரை மணி நேரம் வரை ஆகும். இன்ஹேலர் 5 நிமிடத்துக்குள் தொடங்கிவிடும். வீரியம் அதிகம் என்று பலரும் அஞ்சும் இன்ஹேலர்தான் இரண்டில் மிகக் குறைந்த மருந்தை உடலுக்குள் அனுப்புகிறது.

தசையைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான தியோபிலின் வகை மாத்திரைகளும் நம் மருந்துச் சீட்டுகளில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் பலன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வயிற்றுப்போக்குக்காகவோ காய்ச்சலுக்காகவோ சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஒன்றைச் சேர்த்துப் போட்டால், தியோபிலினின் அளவு இரத்தத்தில் உயர்ந்து வாந்தி, படபடப்பு, வலிப்புவரை போகலாம். வேறொரு நோய்க்காக வேறொரு மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மாண்டெலுகாஸ்ட் மாத்திரையின் நிலை சற்று வேறு. அது ஸ்டீராய்டு அல்ல, இரவில் ஒன்று போட்டால் போதும் என்பதால் பெற்றோருக்குப் பிடித்தமானது. தும்மல் மாத்திரையோடு சேர்த்தும் விற்கப்படுகிறது. சிலருக்கு உதவவும் செய்கிறது. ஆனால் வீக்கத்தைத் தணிப்பதில் இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கு அது ஈடாகாது. மேலும், தூக்கக் கலக்கம், கொடுங்கனவுகள், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை சிலருக்கு ஏற்படக்கூடும் என்பதால், 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைச் சேர்த்தது. இந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு குழந்தையின் குணம் மாறினால், அதை அடம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது, வீக்கத்தைத் தணிக்கும், ஆனால் எல்லோரும் அஞ்சும் ஸ்டீராய்டு. இங்கே நாம் ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். பிரட்னிசொலோன் மாத்திரை கடும் இழுப்பின்போது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில் ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை கொடுக்கப்படுகிறது. இன்ஹேலரில் வரும் பியூடசோனைடு நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் என்பதே தொடக்க அளவு. மருந்துக்கு மருந்து வீரியம் வேறுபடுவதால் இந்த எண்களை நேரடியாக வகுத்துப் பார்ப்பது சரியாகாது. ஆனால் ஒன்று உடல் முழுவதும் பரவுவது, மற்றது பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நிற்பது என்ற வேறுபாடு உறுதியானது. ஸ்டீராய்டு மாத்திரையை வாழ்நாளில் நான்கைந்து முறை குறுகிய காலத்துக்கு எடுத்தவர்களுக்கே எலும்புத் தேய்மானம், நீரிழிவு, கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பயந்து அதைத் தவிர்ப்பவர், ஆண்டுக்கு இரண்டு முறை இழுப்பு முற்றி மாத்திரை ஸ்டீராய்டில் போய் நிற்கிறார். எதற்குப் பயந்தாரோ அதையே பல மடங்காகப் பெறுகிறார். ஆனாலும் கடும் இழுப்பின்போது மருத்துவர் கொடுக்கும் பிரட்னிசொலோன் உயிர்காப்பது. அந்த நேரத்தில் அதை மறுக்கக் கூடாது.

இன்ஹேலர் ஸ்டீராய்டால் தீங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தொண்டையில் வெண்படலம் வரலாம், குரல் கம்மலாம். எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பினால் இது பெருமளவு குறையும். குழந்தைகளின் உயரத்தைப் பற்றிய கவலைக்கும் அடிப்படை இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைப் பருவத்தில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் பியூடசோனைடு சில ஆண்டுகள் எடுத்தவர்களைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012இல் வெளியானது; அவர்களின் இறுதி உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இது மறைக்க வேண்டிய உண்மை அல்ல. இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சுவிடும் குழந்தையையும், அடிக்கடி மாத்திரை ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தையையும் பக்கத்தில் நிறுத்தி, அந்த 1.2 சென்டிமீட்டரை எடைபோட வேண்டும். நான் எடைபோட்டபோது எனக்குத் தயக்கம் எஞ்சவில்லை.

நாட்டு மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் இன்று இருமல் சிரப்பில் இருக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது; ஆகவே அந்தக் கசாயத்தை நான் இகழ மாட்டேன். ஆனால் சளியை இளக்குவதும் மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்குவதும் ஒன்றல்ல. பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொடி ஒன்று இரண்டே நாளில் இளைப்பை நிறுத்திவிட்டால் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது.

மாத்திரையை விட்டு வந்தவர்கள் அடுத்துக் கேட்பது, மருந்து நீரை மெல்லிய புகைபோலாக்கி முகமூடி வழியாகத் தரும் நெபுலைசர் ஒன்றை வீட்டுக்கு வாங்கிவிடலாமா என்பது. மருத்துவமனையில் அதை வைத்தவுடன் குழந்தை தெளிந்ததைக் கண்ட பெற்றோருக்கு அந்த இயந்திரத்தின் மேல் பெரும் நம்பிக்கை. ஆனால் சாதாரண இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குடுவையின் வழியாகக் கொடுத்தால், உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர்த்த மற்ற இழுப்புகளில் அது நெபுலைசருக்குக் குறையாமல் வேலைசெய்கிறது என்பதும், குழந்தைகள் அவசரப் பிரிவில் காத்திருக்கும் நேரம் அதனால் குறைகிறது என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தவை. நெபுலைசருக்கு மின்சாரம் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும், ஒழுங்காகக் கழுவாவிட்டால் கிருமி சேரும். எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, வீட்டில் இயந்திரம் இருக்கிறதே என்று மருத்துவமனைக்குப் போகத் தாமதிப்பதுதான். பயண மூட்டையில் வைத்து எடுத்துப்போகக்கூடிய ஸ்பேசரையே நான் தேர்ந்தெடுப்பேன். நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர், அதற்கு மேல் வாயில் வைத்து மூச்சிழுக்கும் ஸ்பேசர். வாங்க முடியாத நிலையிலும் வழி இருக்கிறது: 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டுச் செய்த ஸ்பேசர், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலைசெய்வதைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு காட்டியது.

இனி, இந்த ஒப்பீட்டில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி: இன்ஹேலருக்குள் எந்த மருந்து?

முதல் வழி, சால்பியூட்டமால் மட்டும் உள்ள நீல நிற இன்ஹேலர். இழுப்பு வரும்போது அடித்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு திறக்கிறது. நான்கு மணி நேரம் நிம்மதி. விலையும் குறைவு. நோயாளிக்கு இதைவிட நம்பிக்கை தரும் பொருள் வேறில்லை, அதனாலேயே இதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. தசையை மட்டும் தளர்த்திவிட்டு வீக்கத்தைத் தொடாமல் விடுவதால், உள்ளே நோய் முற்றுவது வெளியே தெரியாமல் போகிறது. ஐசோபிரினலின் என்ற பழைய நிவாரண மருந்தின் அதிவீரிய இன்ஹேலர் புழக்கத்துக்கு வந்த 1960களில், இங்கிலாந்து உள்ளிட்ட சில நாடுகளில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற நிவாரண இன்ஹேலரோடு அதே துயரம் திரும்பியது. அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட பிறகே இறப்புகள் தணிந்தன. சால்பியூட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானதுதான். ஆயினும் 200 பஃப் கொண்ட இன்ஹேலரை ஓர் ஆண்டில் மூன்றோ அதற்கு மேலோ தீர்ப்பவருக்குக் கடும் இழுப்பின் ஆபத்தும், மாதம் ஒன்று வீதம் தீர்ப்பவருக்கு இறப்பின் ஆபத்தும் கூடுகின்றன. உங்கள் வீட்டில் கடந்த ஓராண்டில் எத்தனை நீல இன்ஹேலர்கள் தீர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கு நாங்கள் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது.

1993இல் தொடங்கப்பட்ட உலக ஆஸ்துமா முன்முயற்சி என்ற அமைப்பு, ஜினா என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சால்பியூட்டமால் போன்ற விரைவு நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. நோய் லேசாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உலகில் ஆஸ்துமாவால் நேரும் இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில் நேர்கின்றன. நோயாளிகளின் எண்ணிக்கையில் நம் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடுதான். வீக்கத்தைத் தணிக்கும் மருந்து நம் மக்களைப் போதிய அளவில் சென்றடையாததே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இரண்டாம் வழி, தினமும் காலையும் மாலையும் ஸ்டீராய்டு இன்ஹேலர், தேவைப்படும்போது நீல இன்ஹேலர். பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்ட வழி இது; ஒழுங்காக எடுப்பவர்களைக் கடும் இழுப்பிலிருந்தும் இறப்பிலிருந்தும் காக்கிறது. இதன் பலவீனம் மருந்தில் இல்லை, மனித இயல்பில் இருக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் உடனடியாக எதையும் உணரவைப்பதில்லை. நீல இன்ஹேலர் உணரவைக்கிறது. இரண்டு வாரம் நன்றாக இருந்ததும் முதலாவது அலமாரிக்குப் போய்விடுகிறது, இரண்டாவது மட்டும் சட்டைப்பையில் தங்குகிறது. ஆக, சீட்டில் இரண்டாம் வழியில் இருப்பவர் நடைமுறையில் முதல் வழிக்கே திரும்பிவிடுகிறார்.

மூன்றாம் வழி இந்தப் பலவீனத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உருவானது. பியூடசோனைடும் ஃபார்மோடெராலும் ஒரே இன்ஹேலரில் சேர்ந்திருக்கும். ஃபார்மோடெரால் சால்பியூட்டமாலைப் போலவே சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கும். இழுப்பு வரும்போதெல்லாம் இதையே எடுத்தால், நிவாரணத்தைத் தேடும் ஒவ்வொரு முறையும் வீக்கத்துக்கான மருந்தும் தானாக உள்ளே போய்விடும். 2018இல் வெளியான சிக்மா என்ற பெயருடைய இரண்டு பெரிய ஆய்வுகள், லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் இதைச் சோதித்தன. நிவாரண மருந்தை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது கடும் இழுப்புகள் 64 விழுக்காடு குறைந்தன. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் கடும் இழுப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமம். உடலுக்குள் போன ஸ்டீராய்டோ அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அன்றாட அறிகுறிகளைக் கட்டுக்குள் வைப்பதில் மட்டும் தினமும் எடுத்தவர்கள் சற்று மேலான நிலையில் இருந்தனர். நோய் சற்றுக் கூடுதலாக இருப்பவர்கள் இதே இன்ஹேலரைத் தினமும் எடுத்துக்கொண்டு, இழுப்பின்போதும் அதையே கூடுதலாக எடுக்கலாம். இரண்டு இன்ஹேலர்களைக் குழப்பிக்கொள்ளும் தொல்லை அப்போது நீங்குகிறது.

இதற்கு மூன்று எல்லைகள் உண்டு. சால்மெடெரால் சேர்ந்த இன்ஹேலர்களை இழுப்பு வரும்போது நிவாரணத்துக்காகப் பயன்படுத்தக் கூடாது. அது மெதுவாகத் தொடங்கும் மருந்து. பார்ப்பதற்கும் பெயரிலும் ஒத்திருப்பதால், பெட்டியில் ஃபார்மோடெரால் என்று இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது அவசியம். ஒரு பஃப்பில் 6 மைக்ரோகிராம் ஃபார்மோடெரால் உள்ள இன்ஹேலரில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர் ஒரு நாளில் மொத்தம் 12 பஃப்பைத் தாண்டக் கூடாது. இளைய குழந்தைகளுக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் கொடுத்து, சால்பியூட்டமாலைத் தேவைக்கு வைத்துக்கொள்ளும் இரண்டாம் வழியே பெரும்பாலும் பொருத்தமானது; அங்கே மறதியைத் தாய் தகப்பனின் கண்காணிப்புதான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே என் தீர்ப்பு இது: பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மூன்றாம் வழி, சிறு குழந்தைகளுக்கு இரண்டாம் வழி, முதல் வழி எவருக்கும் வேண்டாம்.

கருவியின் தேர்வு இதைவிட எளிது. அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலரா, குளிகையை உடைத்துப் பொடியை உறிஞ்சும் ரோட்டாஹேலர் வகையா? பீய்ச்சும் வகைக்கு மெதுவாக, நான்கைந்து விநாடி இழுத்து, பத்து விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். பொடி வகைக்கு வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றில் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ஆறு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும், இழுப்பின் உச்சத்தில் உறிஞ்சும் பலம் இழந்தவர்களுக்கும் பொடி வகை உதவாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிகையைப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்தால் பொடி கட்டிக்கொள்ளும். குளிகையை மாத்திரை என்று நினைத்து விழுங்கியவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களின் பிழை அல்ல, யாரும் காட்டித்தரவில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தூள் கரைத்த நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும்; துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களைத் தவிர்ப்பது மருந்துக்கு மாற்று அல்ல, துணை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி, கரப்பான், சுவரின் ஈரப் பூஞ்சை, சீமைக்கருவேலம், பார்த்தீனியம் ஆகியவற்றின் மகரந்தம் என்று பட்டியல் நீளம். ஒவ்வொருவருக்கும் எது என்பது வேறு. புகை மட்டும் எல்லோருக்கும் பொது. கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு, வீட்டில் ஒருவர் பிடிக்கும் பீடி, போகியன்று எரியும் டயர் ஆகியவற்றை நிறுத்துவதற்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. தீராத மூக்கடைப்பும் தும்மலும் இருந்தால் அவற்றுக்கும் சிகிச்சை வேண்டும். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இழுப்பு முற்றினால் என்ன செய்வது என்பதை முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவது, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, குழந்தை சோர்ந்து அமைதியாகிவிடுவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அடையாளங்கள். உடனே 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக, ஒவ்வொரு பஃப்பாக, நான்கு முதல் பத்து பஃப்வரை கொடுத்து, முதல் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பக் கொடுக்கலாம். மூன்றாம் வழியில் இருப்பவர்களுக்கு அந்தத் தாளில் எண்ணிக்கை வேறாக இருக்கும். மூன்று மாதங்கள் நோய் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். தானாக நிறுத்தக் கூடாது.

அம்மா மூன்றாம் வழிக்கு மாறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சால்பியூட்டமால் மாத்திரையும் தியோபிலினும் அவர் சீட்டிலிருந்து நீங்கிவிட்டன. இன்ஹேலர் இப்போது கூடத்து மேசையில், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.